வரியே வராதபோது ரிட்டர்ன் எதற்கு?

கேள்வி: பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் ஆண்டுதோறும் ஆடிட்டர் வீட்டுக்கு ஓட வேண்டும்? இது சுதந்திரத்தில் கைவைப்பது இல்லையா?

அந்த 12 லட்சம் தள்ளுபடிக் கணக்கு: வரியைக் கணக்குப் போட்டு, பிறகு அதைக் கழித்துவிடுகிறார்கள். 2025-26 முதல் புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம்தான். வருமானம் அதைத் தாண்டினால், வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும். தாமதித்தால் 5 லட்சம் வரை வருமானத்துக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 5000. மீனும் உப்பும் வரியில்லாத விவசாய வருமானத்தில் சேராது. நம் பக்கம் பலர் சேரும் என்றே நம்புகிறார்கள்.

பில் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். சிறு வியாபாரிக்கு உத்தேச வருமான முறை உண்டு: ரொக்க விற்பனையில் 8%, வங்கி வழி வந்ததில் 6% லாபம் என்று காட்டினால் போதும். ஏலம் விட்டுக் கமிஷன் எடுப்பவருக்கு இது கிடையாது.

சுதந்திரம்? எவ்வளவு விற்றோம், எவ்வளவு சம்பாதித்தோம் என்று அரசுக்குத் தெரிவது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கையில் காசில்லாமல் முன்பணம் வாங்கி, அதைக் கொடுத்தவர் சொன்ன விலைக்கே சரக்கைத் தள்ளுகிறோமே, அது மட்டும் என்ன சுதந்திரம்? வங்கியில் தொழில் கடன் கேட்டால் முதலில் பழைய ரிட்டர்னைத்தான் கேட்கிறார்கள். சரி, இந்தத் தடவை தடைக்காலத்திலேயே வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள்.