வாசகர் கேள்வி பதில்: ஃபிராங்க்ளின் ஆத்தைப் படம் எடுத்தவர்

கேள்வி: ஆஸ்திரேலியாவுல ஒரு ஃபோட்டோ அணை கட்டுறதையே நிறுத்திடுச்சுன்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் சொன்னார். நிஜமா சார்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நிஜம்தான், ஆனா ஃபோட்டோ மட்டும் தனியா நிறுத்தலை. டாஸ்மேனியா தீவோட மேற்குப் பக்கம் அடர்ந்த காட்டுக்குள்ள ஓடுற ஆறு ஃபிராங்க்ளின், அது போய்ச் சேர்ற கார்டன் ஆத்துல அணை கட்டி கரண்ட் எடுக்கணும்னு அந்த மாநில மின் வாரியம் பிளான் போட்டுச்சு, கட்டியிருந்தா ஃபிராங்க்ளின் பள்ளத்தாக்குல பெரிய பகுதி தண்ணிக்குள்ள போயிருக்கும். 1982 டிசம்பர்ல ஜனங்க அங்கயே போய் வேலையை மறிச்சாங்க, 1,200 பேருக்கு மேல கைதானாங்க. அடுத்து 1983 மார்ச் 5 தேசியத் தேர்தல் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ்ங்கிற ஃபோட்டோகிராஃபர் எடுத்த, ராக் ஐலண்ட் பெண்ட்ங்கிற ஃபிராங்க்ளின் ஆத்து வளைவோட படத்தை பேப்பர்ல பெரிய கலர் விளம்பரமா போட்டு, இதை அழிக்கிற கட்சிக்கா உங்க ஓட்டுன்னு கேட்டாங்க. காலை மூடுபனி, ஆத்து நடுவுல ஒரு பாறைத் தீவு, அதைச் சுத்தி வளைஞ்சு போற தண்ணி, அவ்ளோதான் படம். ஆனா சிட்னியிலயும் மெல்போர்ன்லயும் இருந்த வாக்காளர்ல முக்காவாசிப் பேர் அந்த ஆத்தை கண்ணால பார்த்ததே கிடையாது, படகுல நாள்கணக்கா போனாத்தான் அந்த இடத்துக்கே போய்ச் சேர முடியும். எது போகப்போகுதுன்னு அவங்களுக்குக் காட்டினது அந்தப் படம்தான்.

அணை வேண்டாம்னு சொன்ன பாப் ஹாக் கட்சி ஜெயிச்சுது, புது அரசு தடைச் சட்டம் போட்டுச்சு, மாநில அரசு கோர்ட்டுக்குப் போச்சு, ஜூலை 1-ல ஆஸ்திரேலியாவோட உச்ச கோர்ட்ல 4 நீதிபதிகள் தேசிய அரசு பக்கம், 3 பேர் எதிர்ப்பக்கம். ஆறு தப்பிச்சுது.

கேள்வி: அவர் டாஸ்மேனியாவுல பிறந்தவரே இல்லையாமே, அப்புறம் எப்படி சொந்த மண்ணுன்னு சொல்றாங்க? (ஒரு வாசகி, தென்காசி)

பதில்: பிறந்தது 1945-ல ஜெர்மனியில அகதிகள் முகாம்ல, பெத்தவங்க லாட்வியாக்காரங்க. போர்ல அப்பாவை இழந்த பிள்ளை, 1950-ல அம்மா கூட டாஸ்மேனியா வந்தார், அதுக்கப்புறம் அவருக்கு ஊருன்னா அதுதான். ஹோபார்ட் நகரத்துக்குப் பின்னாடி நிக்கிற வெலிங்டன் மலைச் சரிவுலதான் குடியிருந்தார், வீட்டுக்கு மேல இருக்கிற அந்த மலையையே வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப எடுத்திருக்கார். பனி பிடிச்ச பாறை, பாசி, இலையுதிர்ற சமயத்துல பொன்னிறமாகிற ஃபேகஸ் மரம்னு காலடியில கிடக்கிறதைக்கூட விடமாட்டார். ஒரு இடத்து மேல இவ்ளோ பொறுமை வச்சவரை அந்த ஊர்க்காரர்னு சொல்லாம வேற யாரைச் சொல்றது?

அவருக்கு குரு மாதிரி இருந்தவர் ஒலேகாஸ் ட்ருச்சனாஸ், லிதுவேனியாவுல இருந்து வந்தவர், வேலை பார்த்ததே மின் வாரியத்துலதான். டாஸ்மேனியாவுல இருந்த பெடர் ஏரியை அணைத் தண்ணி மூழ்கடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் அதோட கரை மணலை ஸ்லைடு ஸ்லைடா ஊருக்குப் போட்டுக் காட்டினார், அப்படியும் 1972-ல ஏரி போயிடுச்சு. அதுக்கு முன்னாடி 1967 காட்டுத்தீயில வீடும் சேர்த்து வச்ச படங்களும் எரிஞ்சுபோச்சு, மனுஷன் மறுபடி முதல்ல இருந்து எடுக்க ஆரம்பிச்சார், 1972 ஜனவரியில கார்டன் ஆத்துல படம் எடுக்கப் போனவர் தண்ணியில போயிட்டார். உடலைத் தேடிக் கண்டுபிடிச்சவர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ். ஃபிராங்க்ளின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஏரி, குருன்னு இந்த ரெண்டு இழப்பும் சேர்ந்தேதான் மனசுக்கு வருது.

கேள்வி: டொம்ப்ரோவ்ஸ்கிஸ் என்ன கேமரா வச்சிருந்தார்? (ஒரு கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: லின்ஹாஃப், 4க்கு 5 இஞ்ச் ஷீட் ஃபிலிம் போடுற பெரிய கேமரா. ட்ரைபாட் இல்லாம வேலைக்கு ஆகாது, கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு கண்ணாடியில தலைகீழா தெரியிற காட்சியைப் பார்த்துத்தான் ஃபோகஸ் பண்ணணும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஷீட்டு மாத்தணும். இத்தனையும் முதுகுல சுமந்துகிட்டு மழையில நடக்கணும். அந்தக் கேமராவுல எல்லாம் ஷார்ப்பா வரணும்னா லென்ஸோட துளையை ரொம்பச் சின்னதா வைக்கணும், அதனால ஷட்டர் நேரம் நீளும், அதான் தண்ணி வெண்மையா குழைஞ்சு தெரியுது. உங்ககிட்ட ஃபோன்தான் இருக்குன்னா பரவாயில்லை தம்பி, அதே இடத்துக்கு வெவ்வேற வெளிச்சத்துல போய்ப் பாருங்க, முக்கியமா மேகம் மூடின நாள்ல, பச்சையும் பாசியும் அப்பத்தான் நல்லா பிடிபடும்.

கேள்வி: டாஸ்மேனியாக்காரங்க எல்லாருக்கும் அணை நின்னுபோனதுல சந்தோஷமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: இல்லைங்க. அந்த 1983 தேர்தல்ல டாஸ்மேனியாவோட 5 தொகுதியிலயும் ஹாக் கட்சி தோத்துச்சு, அணை வந்தா வேலை கிடைக்கும்னு நம்பின குடும்பங்கள் அங்க நிறைய, அவங்க கவலையை நான் லேசா நினைக்கலை. அதே ஜனங்கள்லதான் 1981 வாக்கெடுப்புல, ரெண்டு அணையில எது வேணும்னு மட்டும் கேட்ட சீட்டுல, அணையே வேண்டாம்னு கையால எழுதிப் போட்டவங்க கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு.

டொம்ப்ரோவ்ஸ்கிஸ் 1996-ல டாஸ்மேனியாவோட வெஸ்டர்ன் ஆர்தர் மலைத்தொடர்ல படம் எடுக்கப் போன இடத்துலயே இறந்தார். அவரோட ஃபிலிம்கள் ஆயிரக்கணக்குல கான்பெராவுல இருக்கிற தேசிய நூலகத்துல இருக்கு, ராக் ஐலண்ட் பெண்ட் மட்டும் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க, அண்டார்டிகா போற வழியில தெற்குக் கடல்ல இருக்கிற மக்குவாரி தீவுல அவர் எடுத்த கடல்பாசிப் படங்களையும் தேடிப் பாருங்க.