‘வலிக்கவே இல்லையே சிஸ்டர்’: ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து வந்த கேள்விகள்

அக்டோபர் வந்தால் எங்கள் மருத்துவக் கல்லூரியில் பிங்க் ரிப்பன் குத்திக்கொள்வோம், பேரணி போவோம், கோலப்போட்டி நடக்கும். இந்த முறை அதோடு ஓ.பி. வாசலில் ஒரு பெட்டியும் வைத்தோம். மாணவர்கள், நர்ஸுகள், ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள், தூய்மைப் பணியாளர்கள் என்று யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் மார்பகப் புற்றுநோய் பற்றிக் கேள்வி எழுதிப் போடலாம். பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக மார்பக ஓ.பி. பார்ப்பவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவி): மேடம், பாடத்திலேயே எல்லாம் வரப்போகிறது. எங்களுக்கு எதற்குத் தனியாக விழிப்புணர்வு?

பாடத்தில் வருவதற்கு முன்பே உங்கள் பெரியம்மா உங்களைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, “நீ டாக்டருக்குத்தானே படிக்கிற, இது என்னன்னு பாரு” என்பார். அன்றைக்கு நீங்கள் “பரீட்சை முடியட்டும் பெரியம்மா” என்று சொல்லிவிடக் கூடாது. 2022-க்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய். சுமார் 98,000 பேர் இறந்தார்கள். உலக அளவில் பார்த்தால் 23 லட்சம் பேருக்கு வந்து 6.7 லட்சம் பேர் இறந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இங்கே புதிதாக வந்த இரண்டு பேருக்கு ஓர் இறப்பு, உலக அளவில் மூன்று பேருக்கு ஒன்றுக்கும் குறைவு. நம் ஊரில் நோய் முற்றிய பிறகு வருகிறவர்கள் அதிகம். அந்தத் தாமதத்தில் ஒரு பகுதி வீட்டில் நடக்கிறது. இன்னொரு பகுதி நம் கட்டடத்துக்குள்ளேயே நடக்கிறது. எனக்கு இந்த இரண்டாவதைப் பற்றித்தான் கவலை.

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ்): பெண்கள் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு எங்களிடம் சொல்கிறார்கள். நாங்கள் என்ன சொல்வது?

“ஒண்ணும் இருக்காதும்மா” என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். ஆறுதலுக்காகச் சொல்வதுதான், ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஆறு மாதம் வராமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மா, பி.பி. பட்டையைச் சுற்றும்போது மெதுவாகச் சொன்னார்: “அக்குள் பக்கம் ஒரு உருண்டை இருக்கு, வலிக்கவே இல்லையே சிஸ்டர்.” அந்த சிஸ்டர் பட்டையைக் கழற்றினார். சீட்டின் ஓரத்தில் ‘வலது மார்பு, கட்டி, 3 மாதம்’ என்று எழுதினார். அப்புறம் அந்த அம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். வரிசையில் நிற்க விட்டிருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். வலி இல்லாததுதான் நம் பெண்களை ஏமாற்றுகிறது. வலிக்காத கட்டியை இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

கட்டி மட்டுமல்ல. தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆவது, காம்பு புதிதாக உள்ளே இழுப்பது, காம்பில் ரத்தம் கசிவது, காம்பைச் சுற்றி ஆயின்மென்ட் போட்டும் ஆறாத புண். எதுவாக இருந்தாலும் அன்றைக்கே அனுப்புங்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் ‘பால் கட்டியிருக்கும்’ என்று விட்டுவிடுகிறோம். மாத்திரை கொடுத்தும் வீக்கம் கரையவில்லை என்றால் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். முதன்முதலில் மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று முடிவு தெரிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. நம் கணக்கு நீங்கள் சீட்டில் எழுதும் தேதியில் தொடங்குகிறது.

கேள்வி (ஹவுஸ் சர்ஜன், ஆண்): பரிசோதிக்கத் தயக்கமாக இருக்கிறது மேடம். பல தடவை பி.ஜி. (மேற்படிப்பு டாக்டர்) பார்க்கட்டும் என்று ஒதுங்கிவிடுகிறேன்.

தயக்கத்தை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. முதலில் திரையை இழுத்து மூடுங்கள். ஒரு சிஸ்டரைக் கூட நிற்கச் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி, “பார்க்கலாமாம்மா?” என்று கேளுங்கள். இதைச் செய்தால் அவர்களுடைய கூச்சத்தில் பாதி போய்விடும், உங்களுடையதும்தான்.

உட்கார வைத்துக் கண்ணால் பாருங்கள்: கை தொங்கவிட்டு, கையைத் தூக்கி, இடுப்பில் கை வைத்து அழுத்தச் சொல்லி. குழி விழுவது அப்போதுதான் தெரியும். அப்புறம் படுக்க வைத்து, நடு மூன்று விரல்களின் உள்பக்கத்தால், நுனியால் அல்ல, சின்னச் சின்ன வட்டமாக. ஒவ்வொரு இடத்திலும் லேசாக, கொஞ்சம் அழுத்தி, நன்றாக அழுத்தி என்று மூன்று தடவை. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, வயல் உழுகிற மாதிரி கோடு விடாமல் போங்கள். அக்குளும் காறை எலும்புக்கு மேலேயும் பார்க்காமல் முடிக்காதீர்கள். நோயாளி சொன்ன பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதும் தவறு; இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். திறன் பயிற்சிக் கூடத்தில் சிலிக்கோனில் செய்த மார்பக மாதிரி ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. சாயங்காலம் வந்து அதில் விரலைப் பழக்குங்கள், நான் கூட இருக்கிறேன்.

கேள்வி (நர்சிங் ஆசிரியை): மாதாமாதம் சுயபரிசோதனை செய்யச் சொல்லித்தருகிறோம். அது போதுமா?

போதாது. ஷாங்காயில் சுமார் 2,66,000 ஆலைத் தொழிலாளிப் பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2002-ல் வெளிவந்தது. சுயபரிசோதனை கற்றுக்கொடுத்த குழுவில் இறப்பு குறையவில்லை. அதற்காகத் தன் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மாற்றம் தெரிந்ததும் வரவேண்டும் என்று சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் கவனித்தார்கள். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, கையால் மட்டும். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதைவிட இளையவர்களிடம் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. பயிற்சி பெற்ற விரலுக்கு இவ்வளவு செய்ய முடியும் என்றால், இத்தனை நர்ஸுகள் உள்ள ஒரு மருத்துவமனை சும்மா இருக்கலாமா?

கேள்வி (தியேட்டர் டெக்னீஷியன்): எங்களுக்கு இதில் என்ன வேலை?

நிறைய. கோர் பயாப்சியில், அதாவது தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சோதனைக்கு எடுக்கும் துண்டு சேமியா அளவுதான் இருக்கும். அதை அவசரத்தில் சலைன் பாட்டிலில் போட்டு மறந்துவிட்டால் திசு கெட்டுப்போகும். திசு கெடாமல் காக்கும் திரவமான 10 சதவீத பஃபர்டு ஃபார்மலின், துண்டைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். எடுத்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அதில் மூழ்க வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊறலாம். சனிக்கிழமை சாயங்காலம் மொத்த மார்பகத்தை எடுத்து அப்படியே வாளியில் வைத்தால் திங்கள்கிழமை வரை நடுப்பகுதிக்குள் ஃபார்மலின் போகவே போகாது. நோயியல் பிரிவுக்குப் போன் செய்து, கீறி வைக்க வழி பண்ணுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், திசு கெட்டால், ஹார்மோன் ஏற்பி (புற்றுநோய் செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) இருந்தும் ‘இல்லை’ என்று ரிப்போர்ட் வரலாம். அப்போது அந்தப் பெண்ணுக்கு ஐந்து வருடம் கொடுக்க வேண்டிய, விலை குறைந்த, உயிர் காக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை கிடைக்காமலே போகும். படிவத்தில் துண்டு எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் எழுதுங்கள்.

கேள்வி (லேப் ஊழியர்): ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்கிறார்களே?

பயாப்சியால் நோய் உடம்பெங்கும் பரவும் என்ற பயம் வேண்டாம். குத்திப் பார்க்காமல் மருந்தே முடிவு பண்ண முடியாது. ஆண்களுக்கும் வருமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வரும், மார்பகப் புற்றுநோய் வருகிற நூறு பேரில் ஒருவர் போல ஆணாக இருப்பார்.

கேள்வி (பெயர், பிரிவு எதுவும் இல்லை): எனக்கே இரண்டு மாதமாகக் கட்டி இருக்கிறது. இங்கே காட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அம்மா, உங்கள் சீட்டை மூன்று முறை படித்தேன். என்னோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டர் இதே காரணத்துக்காக எட்டு மாதம் மறைத்தார். எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்ட கை, தன் கட்டியைப் புடவைக்குள் மூடிக்கொண்டது. அவர் பயந்தது நோய்க்கு அல்ல, காரிடாரில் நாம் பேசும் பேச்சுக்கு. அந்தத் தவறு எங்களுடையது.

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் பார்த்தால்தான் தெரியும். இங்கே வேண்டாம் என்றால் வேறு ஊரில் காட்டுங்கள். சென்னை என்றால் 1954 முதல் நடக்கும் அடையாறு புற்றுநோய் மையம் இருக்கிறது. என்னிடம் வருவதென்றால் ஓ.பி. முடிந்த பிறகு, மதியம் 2 மணிக்கு மேல் என் அறைக் கதவைத் தட்டுங்கள். ஸ்கேனுக்கு நானே கூட வருகிறேன். இந்த வாரமே வாருங்கள்.

கேள்வி (தூய்மைப் பணியாளர்): டாக்டரம்மா, மார்பகப் பரிசோதனை கேம்ப் நடக்கிற நேரம் எங்களுக்கு வேலை நேரம். நாங்கள் காண்ட்ராக்ட். எங்களுக்கும் பார்ப்பீர்களா?

கட்டாயம் பார்ப்போம். காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் மாறும் நேரத்தில், வியாழக்கிழமை 1.30-லிருந்து 3 மணி வரை, பழைய கட்டடம் 4-ம் எண் அறையில் இரண்டு பெண் டாக்டர்கள் இருப்பார்கள். ஓ.பி. சீட்டு தேவையில்லை. 30 வயது தாண்டிய எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கட்டி எதுவும் தெரிந்தால் வயது பார்க்காமல் வாருங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் நான் பேசிவிட்டேன்.