ஓடி ஒளியும் கோழி: சேவலா, பெட்டையா?

கேள்வி: தெரிந்தவர் வீட்டிலிருந்து நான்கு மாதக் கோழி ஒன்றை வாங்கி, என்னிடம் ஏற்கெனவே இருக்கும் மூன்று பெரிய பெட்டைகளோடு விட்டிருக்கிறேன். உடம்பு கருப்பு, கழுத்தில் பொன்னிறக் கோடுகள், கன்னத்தில் புசுபுசுவென்று இறகு, கால் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். கொண்டை சின்னதாக, தலையோடு ஒட்டி மூன்று வரிசையாக இருக்கிறது, நிறம் வெளிறியிருக்கிறது. நிமிர்ந்து நிற்பதையும் எதற்கெடுத்தாலும் மிரள்வதையும் பார்த்து 'சேவல்தான்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தெரிந்துகொள்ளத் தினமும் பிடித்துப் பார்க்கிறேன். வந்து ஒரு மாதம் ஆகியும் என்னைக் கண்டாலே மதில் மேல் பறக்கிறது. இது சேவலா, பெட்டையா? என்ன இனம்? சுபாவமே இப்படித்தானா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். தினமும் பிடித்துப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. கோழிக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், பின்னால் ஒரு சிறு பகுதி போக, சுற்றிலும் நடப்பது எல்லாம் அதற்குத் தெரியும். மேலிருந்து இறங்குவது எதுவானாலும் பருந்து என்றே அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். பருந்துக்கு ஒரு குரல், தரையில் வரும் பூனைக்கோ நாய்க்கோ வேறொரு குரல் என்று எச்சரிக்கையையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் பறவை அது. குனிந்து, கையை நீட்டி, மூலையில் மடக்கிப் பிடிக்கும் ஆளை அது வேறு யாராக எண்ணும்? சேவலா என்று பார்க்கப்போய்த்தான் அதன் பயம் நாளுக்கு நாள் கூடியிருக்கிறது.

சேவலா பெட்டையா என்று பார்க்கப் பிடிக்கவே தேவையில்லை. நான்கு மாதத்தில் கண் போக வேண்டிய இடம் முதுகின் பின்பகுதி, வால் தொடங்குவதற்குச் சற்று முன்னால். அது இரை பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சேவலானால் அந்த இடத்து இறகுகள் ஒடுங்கி, நீண்டு, கூர்முனையோடு பளபளவென்று இரு பக்கமும் வழிந்து தொங்கத் தொடங்கியிருக்கும். பெட்டைக்கு அதே இடத்தில் இறகு அகலமாக, முனை வட்டமாக, ஓடு வேய்ந்தது போல் படிந்திருக்கும். கழுத்து இறகிலும் இந்த வித்தியாசம் உண்டு. ஆனால் பெட்டைகளுக்கும் அங்கே முனை கொஞ்சம் ஒடுங்குவதால் பலர் ஏமாறுகிறார்கள். முதுகையே நம்புங்கள். சேபிரைட் போன்ற ஓரிரு இனங்களில் சேவலுக்கும் பெட்டை இறகுதான். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் அவற்றோடு பொருந்தவில்லை.

கொண்டையும் ஒரு சாட்சி. இந்த வயதுச் சேவலுக்குப் பெரும்பாலும் கொண்டையும் கீழே தொங்கும் தாடியும் நன்றாகச் சிவந்துவிடும். உங்களுடையது சின்னதாக வெளிறி இருப்பதால் பெட்டை என்றே நினைக்கிறேன்; முதுகு இறகைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்பதையும் மிரள்வதையும் நான் கணக்கில் எடுக்கமாட்டேன், பெட்டையும் அப்படித்தான் நிற்கும், மிரளும். காலின் பின்புறம் கொம்பு போல் நீளும் முள் இருந்தாலும் முடிவு கட்ட வேண்டாம், சில பெட்டைகளுக்கும் முளைக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐந்து, ஆறு மாதத்தில் கொண்டை திடீரென்று சிவக்கும். 'ஐயோ, சேவல்தானோ' என்று அப்போது மறுபடி பதற வேண்டாம். முட்டையிடும் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் நீங்கள் அருகே போனால் ஓடாமல், இறக்கையைச் சற்று விரித்து முதுகைத் தாழ்த்திப் பம்மி உட்காரவும் கூடும். அது சேவலுக்கு இணங்கும் பாவனை. பயம் தெளிந்துவிட்டது என்று எண்ணி அள்ளித் தூக்கிவிடாதீர்கள்.

இனம் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியாது. கொல்லையில் வளரும் கோழிகளில் பெரும்பாலானவை கலப்புதான், நிறத்தை மட்டும் வைத்து இனம் சொல்வது சரியாக வராது. கொண்டையின் வடிவம், காதுமடல், கால் நிறம், விரல் எண்ணிக்கை இவையெல்லாம் சேர்ந்தால்தான் ஓரளவு தெரியும். தலையோடு ஒட்டிய மூன்று வரிசைக் கொண்டையும் கன்னத்து இறகும் சேர்ந்திருப்பதால் அமெரகானா என்ற நீல முட்டை இனத்தின் வழி ரத்தம் கலந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படியானால் முட்டை நீலமாகவோ பச்சையாகவோ வர வாய்ப்புண்டு. இந்தக் கொண்டைக்கான மரபணுவும் நீல முட்டைக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் மிக அருகருகே இருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே இறங்குகின்றன. முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறம் பாருங்கள். நீலம் ஓடு முழுக்க ஊறியிருக்கும். பழுப்பு மேல்பூச்சு மட்டுமே; நீலத்தின்மேல் அது படிந்தால்தான் பச்சை.

சுபாவத்தில் இனத்துக்குப் பங்கு உண்டு. லெகார்ன் போன்ற லேசான உடம்புக் கோழிகள் படபடக்கும், ஆர்பிங்டன், பிரம்மா போன்ற கனத்தவை நிதானமாக நடக்கும். ஆனாலும் உங்கள் கோழியின் விஷயத்தில் இனத்தைவிட அந்த மூன்று பெரிய பெட்டைகளைத்தான் நான் சந்தேகிப்பேன். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை 1920களின் தொடக்கத்திலேயே நார்வே ஆய்வாளர் தோர்லீஃப் ஷெல்டெரப் எப்பே விவரித்திருக்கிறார். புதிதாக, தனியாக, வயதில் சிறியதாக வந்த கோழி அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும். தீவனமும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தால் அது ஒவ்வொரு வாய்க்கும் கொத்து வாங்கும். இன்னொரு தட்டும் தண்ணீரும், பெரியவற்றின் பார்வை படாத மறைவில் வையுங்கள். அது ஏறி ஒதுங்க உயரமாக ஒரு கழியும் கட்டிவிடுங்கள்.

உங்களோடு பழக, தினமும் ஒரே நேரத்தில் தாழ்வாக உட்காருங்கள், நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி. கொஞ்சம் தானியத்தைத் தூரத்தில் தூவி, நாள் போகப் போக அருகே கொண்டுவாருங்கள். அது வந்து கொத்தினாலும் கை நகரக் கூடாது. எப்போதாவது பிடித்தே ஆக வேண்டும் என்றால், இருட்டிய பிறகு கழியில் அடைந்திருக்கும்போது, இறக்கையை உடம்போடு அணைத்து மெதுவாக எடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாததால் திமிறாது. அப்படியே இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கழியின் இடுக்குகளையும் விளக்கடித்துப் பாருங்கள், பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும் செள்ளு இருந்தால் எந்தக் கோழியும் நிம்மதியாக அடையாது.