பழைய நுவார் படங்களில், அதாவது நிழலும் குற்றமும் நிறைந்த ஹாலிவுட் படங்களில், டிக்கி பார் ஏன் வருகிறது?

டிக்கி என்பது பசிபிக் தீவுகளை நினைவூட்டும்படி அமெரிக்காவில் உருவான அலங்கார பாணி: மூங்கில், ஓலைக்கூரை, மரத்தில் செதுக்கிய முகங்கள், ரம் கலந்த இனிப்பு பானங்கள். 1930களில், மதுவிலக்கு முடிந்த கையோடு, ஹாலிவுட்டின் 'டான் தி பீச்காம்பர்' என்ற பார் இதைப் பிரபலமாக்கியது. நெடுஞ்சாலை ஓட்டலில் மாட்டுவண்டிச் சக்கரமும் லாந்தரும் மாட்டி 'கிராமம்' ஆக்குவார்களே, அந்த மாதிரிதான்.

சரி, குற்றக்கதைக்குள் எப்படி வந்தது? பல நுவார் கதைகள் நடப்பதும் ஹாலிவுட் இருக்கும் அதே லாஸ் ஏஞ்சல்ஸில்தான். அப்புறம், இந்த பார்களில் பகலிலும் இருட்டு. இயக்குநருக்கு வேண்டிய நிழல் தயாராகவே இருக்கும். பானமோ பழரசம் போல இறங்கும், போதை பிறகுதான் தெரியும். ஃபிரிட்ஸ் லாங்கின் 'தி ப்ளூ கார்டீனியா' (1953) இதை வைத்தே ஓடுகிறது. தீவு அலங்காரம் செய்த உணவகத்தில் நாட் கிங் கோல் பாடுகிறார். நாயகி அடுத்தடுத்துக் குடிக்கிறாள். மறுநாள், இரவு நடந்தது நினைவில்லாமல், தான்தான் கொலைகாரியோ என்று நடுங்குகிறாள். வில்லனைவிட அந்தக் கோப்பைக்குத்தான் கதையில் வேலை அதிகம் என்பேன்.

இந்த பார் அலங்காரம்தான் பாலினேசியப் (பசிபிக் தீவுகளின்) பண்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நியூசிலாந்தின் மாவோரி, பசிபிக்கின் மார்க்கெசாஸ் தீவு மக்களிடம் டிக்கி என்பது மூதாதையரோடு தொடர்புள்ள சிற்பம், பார் அலங்காரம் அல்ல.