கம்பெனி எந்தத் தேதியில் பிறக்கிறது? கேள்வி பதில்

ஈரோட்டிலிருந்து: பெயருக்கு ஒப்புதல் வந்துவிட்டது. கம்பெனி பெயரில் கடைக்கு வாடகை ஒப்பந்தம் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். பெயரை 20 நாளைக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கம்பெனி இன்னும் இல்லை. இப்போது போடும் கையெழுத்து உங்கள் தலையில்தான் விடியும். இங்கிலாந்தில் 1866-லேயே கெல்னர் எதிர் பாக்ஸ்டர் வழக்கில் இதுதான் நடந்தது. இனிமேல் வரப்போகும் ஹோட்டல் கம்பெனிக்காக என்று சொல்லி ஒயின் வாங்கினார்கள். கம்பெனியும் வந்தது, ஒயினும் தீர்ந்தது, பணம் கொடுப்பதற்குள் கம்பெனி நொடித்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. கடை கைவிட்டுப் போய்விடும் என்றால், உங்கள் சொந்தப் பெயரிலேயே போடுங்கள். கம்பெனி வந்ததும் அதன் பெயருக்குப் புது ஒப்பந்தம் போட்டுத் தருவதாக உரிமையாளரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி அட்வான்ஸுக்கு அலைபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மதுரையிலிருந்து: அப்படியானால் எது பிறந்த நாள்? விண்ணப்பித்த நாளா, சான்றிதழ் கைக்கு வந்த நாளா?

இரண்டும் இல்லை. சான்றிதழில் பதிவு நாள் என்று எழுதியிருக்கும் தேதிதான். 2013 கம்பெனிகள் சட்டம், 9-ஆம் பிரிவு. சான்றிதழைத் திறந்து பாருங்கள், தேதி எழுத்தாலேயே இருக்கும். இடம் மானேசர் என்று இருந்தால் பதற வேண்டாம், மத்தியப் பதிவு மையம் ஹரியானாவில் அங்கேதான் இருக்கிறது. கம்பெனிக்குத் தரும் அடையாள எண்தான் சி.ஐ.என்.; 21 எழுத்தும் எண்ணுமாக வரும் அதில் டி.என். என்பது தமிழ்நாடு, அடுத்த நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு.

திருப்பூரிலிருந்து: நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் பார்ட்னர்ஷிப் பதிவு செய்திருக்கிறோம். அதுவும் சட்டப்படி தனி ஆள்தானே?

இல்லை. பதிவு செய்தாலும் கடன் உங்கள் இருவர் மீதும்தான். எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள பார்ட்னர்ஷிப்) என்றால் தனி ஆள்.

சேலத்திலிருந்து: சான்றிதழ் வந்து ஐந்து மாதமாகிறது. பங்குப் பணம் இன்னும் வங்கியில் போடவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். கம்பெனி பிறந்துவிட்டது, ஆனால் தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ அதனால் முடியாது. பங்குப் பணம் வந்துவிட்டது என்று இயக்குநர் 180 நாளுக்குள் ஐ.என்.சி.-20ஏ படிவத்தில் உறுதி சொல்ல வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். இயக்குநர்களுக்குத் தனியாக நாளுக்கு 1,000 ரூபாய், 1 லட்சம் வரை போகும். பதிவாளர் கம்பெனிப் பெயரையே நீக்கவும் இடமுண்டு. உங்களுக்கு ஒரு மாதம்கூட முழுதாக இல்லை. நாளைக்கே வங்கிக்குப் போய்ப் பணத்தைப் போட்டுவிட்டு, ஸ்டேட்மென்ட்டை ஆடிட்டரிடம் கொடுங்கள்.