கண்மாய்த் தண்ணீர் கரிக்கிறது, ஜிப்சம் போடலாமா?

கேள்வி: ஐயா, திருவாடானை வட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். கண்மாய்ப் பாசனத்தில் நெல் 3 ஏக்கர், முண்டு மிளகாய் 60 சென்ட். கண்மாய்க்குக் கிழக்கே இறால் பண்ணை வந்து 2 வருஷம் ஆகிறது. நெல் எப்படியோ தேறிவிட்டது. பொங்கலுக்குப் பிறகு மிளகாய்க்கு மடைத் தண்ணீர் பாய்ச்சியதிலிருந்து இலை ஓரம் கருகுகிறது, பூ கொட்டுகிறது. தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கிறது. உரக்கடையில் ஏக்கருக்கு 1 டன் ஜிப்சமும், 'உப்பு முறிக்கும்' திரவம் 2 லிட்டரும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: திரவத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மண்ணில் இருக்கிற உப்பை முறிக்கும் திரவம் என்று ஒன்று கிடையாது. நல்ல தண்ணீரில் கரைந்து வேருக்குக் கீழே இறங்கினால்தான் உப்பு போகும். ஜிப்சம் களருக்கு (சோடியம் மிகுந்த மண்) மருந்து, உவருக்கு (உப்பு மிகுந்த மண்) அல்ல. கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்து, சோடியம் மண்ணைக் கெட்டிப்படுத்தியிருந்தால் மட்டும் போடலாம். அதையும் மழைக்கு முன் போட்டு, தேக்கி வடித்தால்தான் பலன். ஜிப்சமே ஓர் உப்புதான். அது முழுக்கக் கரைந்த தண்ணீர் இ.சி. மீட்டரில் (கரைந்த உப்பை மின்கடத்தும் திறனால் காட்டும் கருவி, அலகு மில்லிசீமன்ஸ்/செ.மீ.) 2-ஐத் தாண்டும். கருகும் செடிக்கு, வடிக்க நல்ல தண்ணீர் இல்லாத தை மாதத்தில், மண்ணைச் சோதிக்காமலே 1 டன் என்று சொல்லும் கடைக்காரர் உங்கள் வயலைப் பார்க்கவில்லை, தன் கிடங்கைப் பார்க்கிறார். 0-15, 15-30 செ.மீ. ஆழ மண்ணைத் தனித்தனியாக எடுத்து, ராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் காட்டிய பிறகு அதைப் பேசலாம்.

நிற்கிற செடிக்கு: மடைத் தண்ணீரை இலையில் படவிடாதீர்கள், வெயில் நேரத்தில் பாய்ச்சாதீர்கள், மியூரேட் ஆஃப் பொட்டாஷை நிறுத்திவிட்டு சல்பேட் பொட்டாஷுக்கு மாறுங்கள். பாசன நீரின் இ.சி. 1-க்குள் இருந்தால் மிளகாய்க்குக் கவலையில்லை. 1.5-ல் பத்தில் ஒரு பங்கு மகசூல் போகும், 2.2-ல் கால் பங்கு, 3.4-ல் பாதி. நெல் 2 வரை தாங்கும். உங்கள் நெல் தேறி மிளகாய் கருகியதற்கு இந்த வித்தியாசமே போதும்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? பண்ணை என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் சந்தேகப்படுவேன். ஆனால் 'பங்குனியில் எந்தக் கண்மாய்தான் கரிக்காது?' என்று பண்ணைக்காரர் திருப்பிக் கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வெயிலில் பாதித் தண்ணீர் போனால் மிச்சத்தின் இ.சி. தானாகவே இரட்டிப்பாகும். அதனால் மட்டம் குறிக்காத இ.சி. கணக்குக்கு நான் மதிப்பே தர மாட்டேன்.

மடைக் கல்லில் 5 செ.மீ.க்கு ஒரு கோடாக எனாமல் பெயின்ட் அடியுங்கள். எந்த மட்டத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்ற பட்டியலை நீர்வளத்துறையில் கேளுங்கள். ஒன்றியக் கண்மாயாக இருந்தால் ஒன்றிய அலுவலகத்தில். கொள்ளளவையும் இ.சி.யையும் பெருக்குங்கள். தை மாதம் 8 மில்லியன் கன அடி, இ.சி. 0.8 என்றால் பெருக்கம் 6.4. பங்குனியில் 4 மில்லியன் கன அடி, 1.6 என்றாலும் அதே 6.4, வெயில் செய்த வேலை. 2.6 காட்டினால் 10.4 ஆகிறது, அந்த உப்பு வெளியிலிருந்து வந்தது. மடை திறந்தால் உப்பும் சேர்ந்து போவதால் பெருக்கம் குறைய வேண்டும். வரத்துக்கால் வற்றிய பிறகு அது கூடக் கூடாது.

அப்படியும் கூடினால், அடிமண்ணிலிருந்து உவர் நீர் ஊறியிருக்கலாம் என்ற ஒரு சாக்கு மிச்சமிருக்கும். அதற்காகத்தான் பண்ணை இல்லாத, அதே தூரத்தில் கடல் இருக்கிற இன்னொரு கண்மாயையும் அதே நாளில் அளக்கச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மேலே சதுப்பு நிலங்கள் உண்டு. அடியில் நிலக்கரியை எடுத்ததும் மேல் பாறை தொய்ந்து விரிசல் விட்டால் சதுப்பு வடிந்துவிடும். காய்ந்தது மழையில்லாமலா, சுரங்கத்தாலா என்ற இதே சண்டை அங்கும் வரும். அதனால் வெட்டுவதற்கு முன்பே நீர்மட்டத்தை அளக்கத் தொடங்குவார்கள், சுரங்கம் எட்டாத சதுப்பு ஒன்றையும் கூடவே அளப்பார்கள், எந்த அளவைத் தாண்டினால் என்ன நடவடிக்கை என்பதையும் முதலிலேயே எழுதிவைப்பார்கள். பண்ணை வருவதற்கு முன் அளக்கும் வாய்ப்பு உங்களுக்குப் போய்விட்டது. அதனால் அந்த இரண்டாவது கண்மாய் இன்னும் முக்கியம்.

மீட்டர் வாங்கும்போது டி.டி.எஸ். (கரைந்த மொத்த உப்பு) பேனாவைக் கட்டிவிடுவார்கள். வேண்டாம். ஒரு கம்பெனி இ.சி.யை 0.5-ஆல் பெருக்கும், இன்னொன்று 0.7-ஆல், ஒரே தண்ணீருக்கு இரண்டு எண் வரும். இ.சி.யையே காட்டும், வெப்பநிலையைத் தானே சரிசெய்யும் மீட்டர் வாங்குங்கள். மாதம் ஒருமுறை 1413 மைக்ரோசீமன்ஸ் (அதாவது இ.சி. 1.413) கரைசலில் சரிபாருங்கள். ஒரு லிட்டர் வாலைவடிநீரில் 0.746 கிராம் சுத்தமான பொட்டாசியம் குளோரைடு கரைத்தால் அந்தக் கரைசல்தான். பள்ளிக்கூட ஆய்வகத் தராசு போதும்.

வரத்துக்கால் வாய், மடையின் உள்பக்கம், பண்ணைப் பக்கக் கரை, பண்ணைக்கும் கண்மாய்க்கும் இடையிலுள்ள ஒரு கிணறு, இந்த நாலு இடத்திலும் 15 நாளைக்கு ஒருமுறை காலையில் அளங்கள். மேல் தண்ணீரை மட்டும் மொள்ளுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் படுத்துக்கிடக்கும். பாட்டிலில் கல் கட்டி, மூடியில் தனிக் கயிறு கட்டித் தரைக்கு ஒரு சாண் மேலே இறக்கித் திறங்கள். அடித் தண்ணீருக்கும் மேல் தண்ணீருக்கும் வித்தியாசம் பண்ணைப் பக்கக் கரையில் மட்டும் கூடுதலாக இருந்தால் கசிவு அங்கேதான். 100 குடம் நல்ல தண்ணீரில் 2 குடம் கடல் தண்ணீர் சேர்ந்தாலே இ.சி. 1 ஏறிவிடும்.

அளந்ததையெல்லாம் எழுதிய நோட்டோடு ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பண்ணை கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கண்மாய் எல்லாம் ஈரநிலமா என்று யாராவது இழுத்தால், சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லேயே ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறிய இதே மாவட்டக் கண்மாய்கள்தான் என்று சொல்லுங்கள்.

பண்ணைக் குளத்து நீரைப் பெருமளவு திறப்பது இறால் அறுவடையின்போதுதான். குஞ்சு விட்ட தேதியை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 100 முதல் 120 நாளுக்குள் அறுவடை வரும். அந்த நாட்களில் மட்டும் 15 நாள் கணக்கை விட்டுவிட்டுத் தினமும் காலை அளங்கள்.