அட்டை கையில், பெயர் காணோம்: வீடு மாறிய வாக்காளர் என்ன செய்வது?

கேள்வி: பெரம்பூரிலிருந்து வேளச்சேரிக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கும் கணவருக்கும் வாக்காளர் அட்டை பழைய முகவரியிலேயே இருக்கிறது. பெரம்பூரில் பக்கத்து வீட்டில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, கணவர் பெயர் இருக்கிறது, என் பெயரைக் காணோம் என்கிறார். தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஆளுக்கு 600 ரூபாய் கொடுத்தால் வேளச்சேரி முகவரியில் புது அட்டையே வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். வீட்டு ஓனர் வாடகை ஒப்பந்தம் தர மறுக்கிறார். 78 வயது மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அவருக்கு விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்தில் ஓட்டு. அவரையும் இங்கே மாற்றிவிடலாமா? (வாசகி, வேளச்சேரி)

பதில்: அந்த 600 ரூபாயை முதலில் பைக்குள் வையுங்கள். பட்டியலில் சேர, மாற, அட்டை வாங்க எதற்கும் கட்டணம் கிடையாது. அட்டையைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புவதும் இலவசம்.

ஓட்டுப் போட அடிப்படை பட்டியலில் இருக்கும் பெயர்தான். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் முதல் மேசையில் இருக்கும் அலுவலர் பட்டியலில் உங்கள் வரிசை எண்ணைத் தேடுவார். கிடைத்தால் பெயரைச் சத்தமாகப் படிப்பார், ஏஜென்டுகள் தங்கள் கையிலிருக்கும் நகலில் கோடு போடுவார்கள். கிடைக்காவிட்டால் அட்டை பளபளவென்று புதிதாக இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார். பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் கவலையே இல்லை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய பாஸ்புக் என்று மாற்று ஆவணங்கள் இருக்கின்றன. ரேஷன் ஸ்மார்ட் கார்டு மட்டும் அந்த வரிசையில் இல்லை, அதை நம்பிப் போகாதீர்கள்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி "சேலஞ்ச் ஓட்டு" கேளுங்கள், கொடுத்தே ஆகவேண்டும் என்று. சுத்தப் பொய். சேலஞ்ச் என்பது வந்திருக்கும் ஆள் அந்த வாக்காளர்தானா என்று ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. உங்கள் ஓட்டை வேறொருவர் முன்பே போட்டுவிட்டிருந்தால் 49P விதிப்படி வாக்குச்சீட்டில் போடும் டெண்டர் ஓட்டு உண்டு. அதுவும் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான். படித்தவர்கள்கூட அந்தச் செய்தியை நம்பிக் கடைசி நாள் வரை பேசாமல் இருந்துவிட்டு, வாக்குச்சாவடி வாசலில் சண்டை போடுகிறார்கள்.

இனி உங்கள் விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து எதையும் செய்யாதீர்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ ஆப்பிலோ அட்டை எண்ணைப் போட்டு நீங்களே தேடுங்கள். பெயரைப் போட்டுத் தேடினால் லட்சுமியா, லக்ஷ்மியா, லெட்சுமியா என்ற எழுத்துக் குழப்பத்திலேயே இல்லை என்று காட்டிவிடும். இணையம் வராதென்றால் 1950-க்கு போன் செய்து கேளுங்கள்.

கணவர் பெயர் பெரம்பூரில் இருந்தால் அவருக்குப் படிவம் 8. அதில் இடமாற்றம், திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பு என நான்கு கட்டங்கள் இருக்கும். இடமாற்றத்தில்தான் டிக் அடிக்க வேண்டும். முகவரியைத்தானே மாற்றுகிறோம் என்று திருத்தத்தில் அடிப்பவர்கள் நிறைய. இடமாற்றம் ஏற்கப்பட்டால் அட்டை எண் மாறாது, பழைய இடத்தில் பெயர் நீக்கப்படும்.

உங்கள் பெயர் நிஜமாகவே நீங்கியிருந்தால் உங்களுக்குப் படிவம் 6. ஆக, ஒரே வீட்டில் கணவருக்கு ஒரு படிவம், மனைவிக்கு வேறு படிவம். படிவம் 6 புதிய வாக்காளர்களுக்கானது. முதல் முறையாகச் சேருகிறேன், வேறெங்கும் என் பெயர் இல்லை என்று உறுதிமொழி கேட்கும். பல தேர்தல்களில் விரலில் மை வைத்துக்கொண்டவரை முதல் முறை என்று கையெழுத்துப் போட வைக்கிறார்கள். நீக்கியது அவர்கள், திரும்பச் சேர விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள். நீக்கும் முன் உங்கள் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த நோட்டீஸ் எங்கே போகும்? நீங்கள் காலி செய்துவிட்டு வந்த பெரம்பூர் வீட்டுக்கு. 2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர். (பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவத்தோடு வீடு வீடாக வந்தபோதும் வாடகைக்காரர்களுக்கு இதே கதிதான். கேஸ் கம்பெனிக்கும் ஆதாருக்கும் ரேஷன் கடைக்கும் நம் புது முகவரி தெரியும். பட்டியலுக்கு மட்டும் நாமாகப் போய்ச் சொன்னால்தான் உண்டு.

பிரவுசிங் சென்டர்காரர் செய்யப்போவது என்ன தெரியுமா? உங்கள் இருவருக்கும் படிவம் 6 போடுவார். இடமாற்றம் என்றால் எண் அதேதான், அதனால் புது அட்டை என்று காட்டி 600 ரூபாய் கேட்க முடியாது. பெரம்பூரில் பெயர் இருக்கும் உங்கள் கணவர், வேறெங்கும் பெயர் இல்லை என்று உறுதி கொடுத்தவர் ஆகிறார். ஒருவர் இரண்டு தொகுதிகளில் இருக்கக்கூடாது, பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். மாட்டுவது உங்கள் கணவர், அந்தப் பையன் அல்ல. இன்னொன்றும் கவனியுங்கள். கைபேசி எண் கேட்கும் கட்டத்தில் அவசரத்துக்குத் தன் எண்ணையே போட்டுவிடுவார். ஓ.டி.பி., விண்ணப்ப எண், நிராகரிப்புத் தகவல் எல்லாம் அவர் போனுக்கே போகும். கைபேசியில் அட்டையை இறக்க வேண்டும் என்றாலும் அவரைத்தான் தேடிப் போக வேண்டும், மறுபடி ஒரு தொகை. தேர்தல் நெருக்கத்தில் தெருத் தெருவாகப் படிவம் வாங்கிப் போகும் கட்சிக்காரர்களிடமும் இதையே பாருங்கள். கொடுப்பதானால் உங்கள் எண்தான் அதில் இருக்கிறதா என்று பார்த்து, நிரப்பிய பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்துக்காக ஓனரிடம் கெஞ்ச வேண்டாம். படிவம் கேட்பது பதிவு செய்த ஒப்பந்தம். பதிவு செய்யாமல் பத்திரத்தில் எழுதியது கிடைத்தாலும் அதற்கு ஈடாகாது. ஆதாரில் வேளச்சேரி முகவரியை மாற்றிவிட்டீர்களென்றால் அதுவே முகவரிச் சான்று. கேஸ் பில், வங்கி பாஸ்புக் இருந்தாலும் சரி. ஓனர் சம்மதம் என்று ஒரு கட்டமே படிவத்தில் இல்லை. வாடகைக்காரர் ஓட்டு வாங்கினால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று சில ஓனர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமே கிடையாது.

தொகுதி விஷயத்தில் சென்னையில் ஒரு சிக்கல். வேளச்சேரி என்று சொல்லிக்கொள்ளும் வீடெல்லாம் வேளச்சேரி தொகுதி ஆகாது. கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கரணை என்றால் அது சோழிங்கநல்லூர் தொகுதி. மாநகராட்சி சென்னை, தேர்தலுக்கு மட்டும் செங்கல்பட்டு மாவட்டம். அதே கட்டடத்தில் ஓட்டு இருப்பவரின் தொகுதி, பாகம் எண்ணை (பட்டியலில் அந்தப் பகுதிக்கான எண்) கேட்டுக்கொண்டு நிரப்புங்கள்.

அப்புறம் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், சரிபார்க்க வருவார். பெரும்பாலும் பள்ளி ஆசிரியரோ அங்கன்வாடி ஊழியரோ, சொந்த வேலைக்கு மேல் இதையும் சுமப்பவர். அவர் வரும் நேரம் நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், கேட்டில் வாட்ச்மேன் திருப்பி அனுப்புவார், "கதவு பூட்டியிருந்தது" என்று விண்ணப்பம் தள்ளப்படும். வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த நகரத்தில் பகல் பதினொரு மணிக்குக் கதவு தட்டும் முறையை இன்னும் மாற்றாமல் இருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. பி.எல்.ஓ. பெயரும் எண்ணும் அதே இணையதளத்தில் இருக்கும், நீங்களே கூப்பிட்டு நேரம் கேளுங்கள். வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள். நிராகரித்தால் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 69.72 சதவீதம். மத்திய சென்னையிலும் தென்சென்னையிலும் 54-ஐ ஒட்டி நின்றது. சென்னைக்காரன் சோம்பேறி என்று உடனே எழுதிவிட்டார்கள். சோம்பலும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரம்பூர் பட்டியலில் பெயர் இருந்து வேளச்சேரியில் குடியிருக்கும் உங்கள் கணவர் போன்றவர்கள் எத்தனை பேர் அந்தக் கணக்கில் ஓட்டுப் போட வராதவர்களாக எழுதப்பட்டார்கள்? 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னை 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. குப்பைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் பொறுப்பான கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு அது. சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் அதற்கும் வார்டு பட்டியல் போடுகிறார்கள். இங்கே விட்டால் அங்கேயும் போச்சு.

மாமியார் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சட்டம் பார்ப்பது ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்பதை. ஊரில் வீடோ நிலமோ இருக்கிறது என்பதால் மட்டும் அங்கே ஓட்டு நிலைக்காது. சிகிச்சைக்காகவோ பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ சில மாதம் சென்னையில் இருப்பதால் ஊர் ஓட்டு போய்விடவும் போய்விடாது. தற்காலிகமாக வெளியே இருந்தால் வசிப்பிடம் மாறியதாக ஆகாது என்று சட்டமே சொல்கிறது. நடவுக்கும் திருவிழாவுக்கும் போய், வருடத்தில் பாதி அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, திரும்பிப் போகும் எண்ணத்தோடு இருக்கிறார் என்றால் ஓட்டு அங்கேயே இருக்கட்டும். சில நூறு ஓட்டில் தீர்மானமாகும் ஊராட்சித் தேர்தலில் அவர் ஓட்டுக்கு இருக்கும் கனம் வேளச்சேரியில் இருக்காது. கிராமத்து வீட்டைப் பூட்டிச் சாவியை உறவினரிடம் கொடுத்துவிட்டு நிரந்தரமாக வந்துவிட்டார் என்றால் படிவம் 8 போட்டு இங்கே மாற்றுவதுதான் முறை. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் யாராவது ஏஜென்ட் சொல்வார், கேட்காதீர்கள். எது என்று முடிவு செய்ய வேண்டியது அவர். உங்கள் வசதிக்காகக் கேட்காமல் மாற்றிவிடாதீர்கள். வயதை வைத்து வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடும் வசதி 85 வயதுக்கு மேல்தான், அதனால் இப்போதைக்கு அவர் எந்த ஊர் பட்டியலில் இருக்கிறாரோ அந்த ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும். பஸ் பயணம் அவருக்கு முடியுமா என்பதையும் சேர்த்தே பேசுங்கள்.

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு யாரையும் சேர்க்க முடியாது. விசாரணைக்கும் நாள் வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாளாவது முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு அட்டை எண்ணையும் போட்டுத் தேடிப் பாருங்கள்.